ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: திராவிடர் அணி நைட்களிடம் தோற்பது ஏன்?

வணக்கம் நண்பரே. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டில் திராவிடர் அணியோடு, திறந்த நிலமான ‘அரேபியா’ வரைபடத்தில் ஆடும்போதெல்லாம் எதிரியின் நைட் குதிரைவீரர்களிடம் தோற்பதாகவும், அணியையே மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

மாற்ற வேண்டாம், ஆனால் 2022இல் வந்த இந்த அணிக்கு நைட் படையே கிடையாது என்பதால், திறந்த நிலத்தில் விரைந்து தாக்கிப் பின்வாங்கும் ஆட்டம் உங்களுக்குக் கைகூடாது. பாண்டியர் அரபு வணிகர்களிடம் பெரும் பொருள் கொடுத்துக் குதிரை வாங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருப்பதை நினைத்தால், இக்குறை வரலாற்றுக்கு முரணானதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் பலம் காலாட்படையில் இருக்கிறது. பாசறையின் மேம்பாடுகள் அனைத்தும் பாதி விலைக்குக் கிடைப்பதால், எதிரி குதிரை லாயம் கட்டுவதைக் கண்டவுடனே ஈட்டிவீரர்களைத் திரட்டி, மரவெட்டிகளுக்கும் தங்கச் சுரங்கத்துக்கும் அருகில் நிறுத்துங்கள்; எதிரி வில்லாளிகளைச் சேர்த்தால், வேகமாக ஈட்டி எறியும் உங்கள் ஸ்கர்மிஷர்கள் அவர்களைத் தடுப்பார்கள். ஆட்டத்தின் வளர்ச்சிக் கட்டங்களான ‘காலங்களில்’ இறுதியானதில், ‘ஊட்ஸ் ஸ்டீல்’ என்ற படை மேம்பாட்டு ஆய்வை முடித்துவிட்டால், உங்கள் வாள்வீரர்களின் அடி எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாது. அதுவரை தாக்குப்பிடிப்பதுதான் கடினம்.

தீவு வரைபடம் ஒன்றிலும் ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு காலம் மாறும்போதும் கிடைக்கும் 200 மரம், துறைமுகத்தையும் கப்பல்களையும் எதிரிக்கு முன்பே கட்ட உதவும்.