அழிரப்பரில் அச்சு: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: நானும் என் நாத்தனாரும் பெரியபட்டினத்தில் பனையோலைக் கொட்டான் பின்னி விற்கிறோம். ஒவ்வொரு கொட்டானிலும் ஒரு அட்டைச் சீட்டுக் கட்டி, அதில் பனைமரமும் எங்கள் பெயரும் அச்சாகக் குத்த ஆசை. சீல் கடைக்குப் போகாமல் நாங்களே ரப்பரில் செதுக்க முடியுமா ஐயா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: தாராளமாகச் செதுக்கலாம் அம்மா. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போங்கள். ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அதில் ஒரு பனைமரத்தைச் செதுக்கிக் குத்திப் பாருங்கள். கை பழகுமா, பொறுமை இருக்குமா என்பது காசில்லாமல் தெரிந்துவிடும். உருளைக்கிழங்கு மறுநாள் சுருங்கிப் போகும், போகட்டும்.

அப்புறம் வாங்க வேண்டியது பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை அழிரப்பர். பெரிய அளவாக இரண்டு போதும். பென்சில் முனையில் இருக்கும் சிவப்பு ரப்பரோ, தொட்டாலே உதிரும் மலிவு ரப்பரோ வேண்டாம். வினைல் என்று சொல்லும் வழவழப்பான வெள்ளை ரப்பர்தான் கோட்டைச் சுத்தமாகத் தாங்கும். கடையிலேயே நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்து மெல்ல மீள வேண்டும். லேசாக வளைத்தால் விரிசல் விடக் கூடாது. கடை முகப்பில் வெயில் பட்டுக் கிடந்த பழைய சரக்கு கல்லாகியிருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ரப்பர் அல்ல, கத்தி. பிளேடு மாற்றக்கூடிய பேனாக்கத்தி ஒன்று, வி வடிவ வாய் கொண்ட லினோ கட்டர் (அச்சு செதுக்கும் சின்ன உளி) ஒன்று, யு வடிவத்தில் ஒன்று. இந்த மூன்றும் நல்லதாக இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. பன்னிரண்டு, பதினைந்து என்று உளிகளை அடுக்கிய செட்டுகள் பார்க்க ஆசையாக இருக்கும். அதில் இரண்டோ மூன்றோதான் கைக்கு வரும், மற்றவை பெட்டியிலேயே துருப்பிடிக்கும். நம் கடற்கரையில் துரு என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. மண்டபம் ஊரில் தங்கியிருந்த நாட்களில் ஜன்னலோரம் மறந்து வைத்த ஒரு புது பிளேடு, வாரம் திரும்புவதற்குள் செம்மண் நிறமாகிவிட்டது எனக்கு. வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி மூடி வையுங்கள்.

ரப்பரை வைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வினைல் ரப்பரை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் பொருள் மெல்லக் கசிந்து பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கிய ஒரு மீன் எனக்கு அப்படித்தான் போனது. தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள், வெயில் படாமல்.

படத்தை மாற்ற பட்டர் பேப்பரும் 2பி பென்சிலும் போதும். தாளில் நேராக வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்து, பின்பக்கம் நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி ரப்பரில் இறங்கும். குத்தும்போது நேராக வரும். ரப்பரிலேயே நேரடியாக எழுதிச் செதுக்கினால் கண்ணாடியில் பார்க்கிற எழுத்துதான் கிடைக்கும்.

வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் மை. இதை நினைவில் வைத்தால் பனைமரம் எளிது. ஓலையை ஒவ்வொரு கீற்றாக மிச்சம் வைக்கப் பார்க்காதீர்கள், ஒடிந்துவிடும். முழு விசிறியையும் ஒரே கரும்பரப்பாக விட்டுவிட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வி கட்டரால் கோடு இழுங்கள். வெள்ளைக் கோடுகள் விழுந்து அதுவே ஓலையாகிவிடும். கத்தி முனை கோட்டிலிருந்து வெளிப்பக்கம் போகும்படி சரித்துப் பிடியுங்கள், அடி அகலமாக நின்றால்தான் விளிம்பு உட்காராது. உட்பக்கமாகக் குடைந்தால் நாலு குத்தில் பிய்ந்துவிடும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். பிடித்திருக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் என் எண்ணம் வேறு. மரத்தை நீங்கள் செதுக்குங்கள், பெயரையும் போன் நம்பரையும் சீல் கடையில் கொடுங்கள். ‘ண’வின் சுழிகளையும் ‘ஜ’வின் வளைவையும் சின்ன அளவில் கத்தியால் எடுப்பது பழகிய கைக்கே பாடு. கைப்பட எழுத்தும் வேண்டும் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் ஓரிரு எழுத்து போதும்.

மைக்கு, சீட்டில் குத்த சாதாரண ஸ்டாம்ப் பேட் சரி. கொட்டான் மேலேயே குத்த நினைக்காதீர்கள். ஓலையின் வழவழப்பில் அந்த மை நிற்காது, கை பட்டால் இழுசும். துணிப்பையில் குத்துவதானால் துணிக்கான அக்ரிலிக் பெயின்டை ஸ்பாஞ்சால் அச்சில் ஒற்றிக் குத்தி, நன்றாகக் காய்ந்த பின் மறுபக்கம் இஸ்திரி போடுங்கள். அச்சைக் கழுவ சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். தின்னரோ மண்ணெண்ணெயோ பட்டால் ரப்பர் கெட்டுவிடும்.

கேள்வி: ஆன்லைனில் 449 ரூபாய்க்கு ஒரு செதுக்கும் செட் வாங்கினேன். முதல் நாளே இரண்டு பிளேடுகள் வளைந்துவிட்டன. உடன் வந்த ரப்பர் கட்டையில் கத்தியே இறங்கவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டால், ‘பிரித்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். தொண்டியிலிருந்து நான் எங்கே போய் முறையிடுவது?

பதில்: பிரிக்காமல் குறையை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? குறையுள்ள பொருளை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பிடிக்கவில்லை என்பது வேறு, குறை என்பது வேறு. உங்களுடையது குறை. அதனால் வளைந்த பிளேடு, கட்டை, பெட்டி, விலைச்சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் இந்த அளவு தொகைக்கு அதுவே போதும்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ராமநாதபுரம் போய்வந்தால் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

அந்தக் கட்டை ஒருவேளை லினோலியமாக இருந்தால், அது ரப்பரைவிடக் கடினம்தான். ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்து, சணல் துணியில் பரப்பிச் செய்வது. பத்து நிமிடம் நம் ஊர் வெயிலில் வைத்தால் இளகிக் கத்தி இறங்கும். விளம்பரத்தில் ‘மென்மையான ரப்பர்’ என்று போட்டுவிட்டு இதை அனுப்பியிருந்தால், அந்த விளம்பரத்தையும் படம் எடுத்துப் புகாரோடு சேருங்கள்.

கேள்வி: எங்கள் படகு உரிமையாளர் சங்கத்தின் சீல் தொலைந்துவிட்டது. நன்றாக வரையத் தெரிந்த பையன் இருக்கிறான். அதே மாதிரி செதுக்கிக்கொள்ளலாமா?

பதில்: சங்கத்தின் சொந்த சீல் என்பதால் செய்துகொள்வதில் தப்பில்லை. ஆனால் தொலைந்த சீல் யார் கையில் இருக்கிறதோ? கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி, வங்கிக்கும் தெரிவித்துவிட்டு, பழையதிலிருந்து மாறுபட்ட வடிவத்தில் புதுசாகக் கடையிலேயே செய்யுங்கள். பையனின் கைத்திறமையைப் பார்த்து நாளை யாராவது மீன்வளத்துறை சீல், வருவாய்த்துறை சீல் என்று கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடச் சொல்லுங்கள். மோசடிக்காகப் போலி முத்திரை செய்வதும் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: லேசர் மிஷின் வைத்திருக்கும் கடையில் அழிரப்பரைக் கொடுத்தால் செதுக்கித் தருவார்களா? கை வலி மிச்சமாகுமே.

பதில்: வினைல் ரப்பரைக் கொடுக்காதீர்கள். அது பி.வி.சி. லேசர் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நெஞ்சுக்கும் ஆகாது, மிஷினையும் அரிக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் வாங்கவே மாட்டார். லேசருக்கென்றே தனியாக ரப்பர் ஷீட் விற்கிறது, அதில் செய்து தரச் சொல்லுங்கள்.