அறிவியலின் போக்கைச் சமூகமும் பண்பாடும் அரசியலும் எந்த அளவுக்குத் தீர்மானித்திருக்கின்றன?

எதை ஆராய்வது, யார் ஆராய்வது, யாருடைய கணக்கை அறிவியல் என்று ஒத்துக்கொள்வது என்பதையெல்லாம் பெரும்பாலும் சமூகமும் அரசும்தான் முடிவு செய்திருக்கின்றன. கணக்கு சரியா தவறா என்பது மட்டும் அவற்றின் கைக்கு அடங்கியதில்லை. வரலாற்றிலிருந்தே இதற்கு உதாரணம் காட்டலாம். கலிலியோவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் புதுச்சேரியில் இயற்பியல் நடத்தும் வாத்தியார். எங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன்.

பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம் என்பது 18ஆம் நூற்றாண்டு வானியலின் பெரிய கேள்வி. வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடக்கும் நேரத்தை, பூமியில் வெகு தொலைவில் உள்ள இடங்களிலிருந்து துல்லியமாகக் குறித்தால் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் வழி சொல்லியிருந்தார். 1761, 1769 என இரண்டு வாய்ப்பு. விட்டால் அப்புறம் 1874தான். உலகின் மூலைமுடுக்குக்கெல்லாம் ஆள் அனுப்ப வேண்டுமானால் கப்பல் வேண்டும், போய் இறங்கும் இடத்தில் கோட்டை வேண்டும். அதனால் ஐரோப்பியர் கொடி பறந்த ஊர்களைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்சின் அறிவியல் கழகம் கியோம் லெ ஜான்தியைப் புதுச்சேரிக்கு அனுப்பியது அப்படித்தான்.

அவர் கிளம்பியது 1760 மார்ச்சில். பிரான்சும் பிரிட்டனும் மோதிய ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மொரீசியசில் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, ஒருவழியாக மலபார் கரையில் பிரெஞ்சுக்காரர் ஊரான மாஹே பக்கம் வந்தால், மாஹேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன என்ற செய்தி. முற்றுகையில் பட்டினி தாங்காமல் 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்திருந்தது. கப்பலைத் திருப்பிவிட்டார்கள். ஜூன் 6 அன்று நடுக்கடலில், துளி மேகமில்லாத வானத்தில், வெள்ளி சூரியனைக் கடப்பதை லெ ஜான்தி பார்த்தார். ஆடும் தளத்தில் ஊசல் கடிகாரத்தை வைக்க முடியாது. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. பார்த்தது எதற்கும் பயன்படவில்லை.

எதிர்த்தரப்புக்கும் இதே கதிதான். இங்கிலாந்திலிருந்து சார்லஸ் மேசனும் ஜெரமையா டிக்சனும் சுமத்ராவின் பென்கூலனுக்குப் போக வேண்டியவர்கள். ஆங்கிலக் கால்வாயிலேயே பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாக்கி அவர்கள் கப்பலில் 11 பேர் செத்தார்கள். பென்கூலனையும் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டதால், நன்னம்பிக்கை முனையில் இறங்கி அங்கிருந்தே பார்த்தார்கள்.

லெ ஜான்தி ஊர் திரும்பவில்லை. அடுத்த வாய்ப்புக்கு மணிலாதான் தோதான இடம் என்று கணக்குப் போட்டு 1766இல் அங்கே போனார். ஸ்பானிய ஆளுநர் அவருடைய கடிதங்களைச் சந்தேகப்பட்டார்; பாரிசும் புதுச்சேரிக்கே போகச் சொன்னது. 1763 உடன்படிக்கைப்படி ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்தது. ஆளுநர் லா த லோரிஸ்தோன் கோட்டை இடிபாடுகளுக்கு நடுவே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் இதே ஊரை இடித்துத் தள்ளிய ஆங்கிலேயர், சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவு. மேகத்துக்கு அரசியல் கிடையாது. ஆனால் அவரை மணிலாவில் இருக்கவிடாமல் செய்தது அரசியல்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர் புதுச்சேரியில் காத்திருந்த நாட்களில் உள்ளூர்த் தமிழரிடம் கற்றுக்கொண்ட வானியல் கணக்குதான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே கிரகணம் கணிக்கும் முறை அது. எதையும் எழுதுவதில்லை. அட்டவணைகள் அத்தனையும் வாக்கியங்களாக மனப்பாடம், எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். சந்திரனின் வேகம் கூடிக் குறைவது 248 நாளில் கிட்டத்தட்டச் சரியாக 9 சுற்று முடிவதால் அந்த எண்ணிக்கை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை இந்த முறையில் கணித்தபோது, கிரகணம் நீடித்த நேரம் 41 வினாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த சந்திர அட்டவணையான, ஜெர்மன் வானியலாளர் டோபியாஸ் மேயருடையது 68 வினாடி கூடுதலாகக் காட்டியது.

இந்த 41 வினாடியை வைத்துப் பெருமை பேசும் வாட்ஸ்அப் பதிவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே புதுச்சேரியில் 1825இல், முன்பு சென்னை வானாய்வகத்தில் இருந்த ஜான் வாரன் என்பவர், ஒரு பஞ்சாங்கக்காரரை அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைச் சோழி வைத்துக் கணிக்கச் சொன்னார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது; முடிவு 52 நிமிடம் பிசகியது. இதை யாரும் பகிர்வதில்லை. கணித்தவருக்கு அபாரமான நினைவாற்றல், ஆனால் அதன் அடிப்படைக் கோட்பாடு தெரியவில்லை என்றும் வாரன் எழுதியிருக்கிறார். 41ஐயும் 52ஐயும் சேர்த்துப் படித்தால்தான் நம் வரலாறு புரியும்.

மேயரின் அட்டவணைக்குப் பின்னால் இருந்தது கடல் வணிகம். சந்திரன் இருக்கும் இடத்தை வைத்து நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கலாம். தீர்க்கரேகை தெரியாமல் கப்பல்கள் மூழ்கியதால் பிரிட்டன் நாடாளுமன்றம் 1714இல் 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. மேயர் இறந்த பிறகு அவர் மனைவிக்கு 3,000 பவுண்டு கொடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு பிழைக்கும் விலை இருந்தது; திருத்தியவருக்குச் சன்மானம் இருந்தது. இங்கே பஞ்சாங்கத்திடம் கேட்டது திதி, தர்ப்பணம், கிரகணத்துக்குக் குளிக்கும் நேரம். அதற்குச் சில நிமிட வித்தியாசம் பெரிதில்லை. வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலையும் யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. கணக்கு சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்தது.

என் தாத்தா கடலூர் தேவனாம்பட்டினத்தில் கட்டுமரம் ஏறியவர். விடிவெள்ளி எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று பார்த்துக் கரை திரும்புவார். வாடைக் காற்று எப்போது திரும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. பிழைத்தால் உயிர் போகும் என்பதால் தினமும் சரிபார்க்கப்பட்ட அறிவு அது. பஞ்சாங்கம் கணித்தவரும் அவரும் பார்த்தது ஒரே வானத்தைத்தான். இருவரும் ஒரே திண்ணையில் சமமாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசச் சாதி இடம் கொடுக்கவில்லை. நம் வானியல் தேங்கியதற்கு அந்நிய ஆட்சியை மட்டும் காரணம் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான்.

வாக்கிய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வானத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போகத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17 அன்று சனிப்பெயர்ச்சி. எங்கள் யூனியன் பிரதேசத்திலேயே உள்ள திருநள்ளாறு வாக்கியப்படி நடப்பதால் அங்கே டிசம்பர் 20 அன்றுதான் விழா. பதினோரு மாத வித்தியாசம். சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானத்தில் பார்ப்பதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார். எந்தக் கணக்கு கோயிலுக்குள் போக வேண்டும் என்பதை அவருடைய தொலைநோக்கி முடிவு செய்யவில்லை, மரபு முடிவு செய்தது.

அப்படியானால் அறிவியலே சமூகத்தின் கற்பனைதானா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. சோவியத் ஒன்றியம் 1948இல் மரபியலைப் பாடத்திட்டத்திலிருந்தே விரட்டியது. அதற்கு முன்பே, உலகெங்கும் பயிர்விதை சேகரித்த நிக்கோலாய் வவிலோவ் 1943இல் சிறையில் செத்துப்போனார். அரசு முழுப் பலத்தோடு பின்னால் நின்றும், மரபியலை எதிர்த்த வேளாண் ஆய்வாளர் லைசென்கோ சொன்னபடி பயிர் விளையவில்லை.

இன்றைய உதாரணமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். கடற்கரைப் பொறியியலின் பாலபாடம் இது. அது தெரிந்த பிறகுதான் 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் வந்தது. நகரத்தின் கடற்கரை போனது. கருங்கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே குப்பங்களுக்கு நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி வரை போனது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, சுற்றுலாப் பயணிகள் நடக்கும் இடத்தில், கடலுக்கடியில் தடுப்பு அமைத்து மணலை மீட்கும் ஆய்வு நடந்தது. மணலும் ஓரளவு திரும்பியது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் இன்னோர் அரசு. வீடு இழந்த குப்பத்து ஆட்களையும் உட்காரவைத்து, இரண்டு பக்கக் கரையையும் ஒன்றாக அளக்கும் ஆய்வுக்கு எந்த அரசு பணம் ஒதுக்கும் என்றுதான் என் மாணவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.