தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விதவிதமான ஓவியப் பொருட்களைக் கொடுத்தால் கற்பனை வளருமா?

வளரும். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது: 'பள்ளியில் கிரேயான் பெட்டிக்கு மேல் வாங்கப் பணமில்லை, பிள்ளைகளும் எப்போது பார்த்தாலும் ஒரே படத்தையே வரைகிறார்கள்.'

அந்த ஒரே படம் எது என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே குடிசை, பக்கத்தில் தென்னை, மேலே நாலு காக்கா. நான் சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊரில் 11 வருடமாக இடைநிலை ஆசிரியை. ஜன்னலைத் திறந்தால் மலைதான். அதில் ஒன்றுகூட முக்கோணம் இல்லை. காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியுமாகப் பச்சையாகப் படுத்துக் கிடக்கும். ஊரில் ஒரு தென்னை கிடையாது. அப்படியும் என் பிள்ளைகள் அத்தனை பேரும் தென்னைதான் போட்டார்கள். அண்ணன் நோட்டைப் பார்த்துத் தம்பி, தம்பியைப் பார்த்துப் பக்கத்து பெஞ்சு. பென்சிலைப் பிடித்ததுமே கை தானாக அந்த மலையைப் போட்டுவிடுகிறது.

பொருளை மாற்றினால் அந்தப் பழக்கம் கைக்கு உதவாது. அடுப்புக் கரியைப் படுக்க வைத்துத் தேய்த்தால் கோடு வராது, பட்டையாகத்தான் வரும். செம்மண் குழம்பில் விரலை விட்டுக்கொண்டு காக்கா போட முடியாது. பிள்ளை கொஞ்ச நேரம் விழிக்கும். பிறகு, இது என்னதான் செய்கிறது என்று தேய்த்துப் பார்க்கும், தடவிப் பார்க்கும். நான் கரியைக் கையில் எடுத்ததே அந்தத் தேய்ப்புக்காகத்தான்.

எடுத்தேனே தவிர, வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியவில்லை. ஒரு ஆடி மாதம், மூன்றாம் வகுப்பு. 'நம்ம பள்ளிக்கூடத்தை வரையுங்க' என்று கரித்துண்டு கொடுத்தேன். பின் வரிசைப் பையன் ஒருவன் ஓட்டுக் கூரை, கொடிக்கம்பம், வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அழகாகப் போட்டான். நான் ஒரு சுற்று போய்த் திரும்பி வருவதற்குள், உள்ளங்கையால் தாள் முழுக்க இழுத்துத் தேய்த்து வைத்திருக்கிறான். எல்லாம் சாம்பல். கொடிக்கம்பத்தின் நுனி மட்டும் தெரிகிறது. எனக்குச் சுள்ளென்று கோபம். 'ஏன்டா, நல்லா வரைஞ்சதை அழிச்சுட்டே?' என்றேன்.

'அழிக்கல டீச்சர். பனி இறங்கிருச்சு.'

வெளியே அப்போது உண்மையிலேயே பனிதான். எதிரில் இருந்த மரம்கூடத் தெரியவில்லை. ஆனால் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை, சுவரில் ஒட்டுவதற்கு ஒரு படம் போச்சே என்றுதான் பார்த்தேன். அவன் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு வேறு தாள் கொடுத்தேன். 'சுத்தமா வரை' என்றேன். அவன் சுத்தமாக வரைந்தான். இரண்டு மலை, பாதிச் சூரியன், தென்னை.

முதல் தாளை நான் பத்திரப்படுத்தவில்லை. அதன் பின்பக்கத்தில் அன்றைய சத்துணவு முட்டைக் கணக்கைக் குறித்ததால், கணக்குத் தாள்களோடு தங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஏதோ தேடும்போது கையில் கிடைத்தது. திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஊரை அப்படி யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பிள்ளை வேலை செய்யும்போது நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.

'வாய்ப்பாடே வராத பிள்ளைக்குக் கரியும் மண்ணும் எதற்கு' என்று கேட்க நான்கு பேராவது வருவார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவைக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை நானும் நடத்துகிறவள்தான். எழுத்து வராத பிள்ளையை வைத்துக்கொண்டு படம் காட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, 40 நிமிடம். அவ்வளவுதான். அதுவும் நானேதான் செய்ய வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஓவியத்துக்குப் பகுதி நேர ஆசிரியர் என்பது 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்துக்கு அப்படி ஒரு வரியே கிடையாது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், முடிந்தது. ஐந்து வகுப்பும் எங்கள் இருவர் தலையில்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், மன்னியுங்கள். மூன்று வருடத்துக்கு முன் சேலத்தில் ஓர் ஓவியப் போட்டி. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியை அழைத்துப் போனேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அவள் அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூட வந்தார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். காப்பி டிகாஷனும் செம்மண்ணும் வைத்து, பழம் பறிக்கும் கைகளை மட்டும் தாள் நிறைய வரைந்தாள். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, 'பேப்பர் அழுக்கா இருக்கே டீச்சர், நல்ல கலர் வாங்கிக் குடுக்கக்கூடாதா?' என்றார். அவள் காதில் விழும்படியே. திரும்பும்போது பஸ்ஸில் அந்த அம்மா கேட்டார்: 'அந்தக் கலர் டப்பா எவ்வளவு ஆகும் டீச்சர்?' அந்த வருடம் முழுக்க அந்தப் பெண் மண்ணைத் தொடவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். கடைக்குப் போகாதீர்கள். முதல் வாரம் மஞ்சள் போதும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசி நிழலில் காயவையுங்கள். பிறகு துணி சோப்புத் தண்ணீரில் குச்சியைத் தொட்டு வரையச் சொல்லுங்கள். கோடு செக்கச்செவேலென்று வரும், ஆரத்தித் தண்ணீர் மாதிரி. அதன் மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தட்டும். ஆரத்திக்குப் போடுகிற சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

அடுத்த வாரம் கரி. அதற்கடுத்து மண்: துணியில் சலித்து, ஜவ்வரிசியைத் தண்ணியாகக் காய்ச்சி வடிகட்டிய கஞ்சியில் குழைத்தால் காய்ந்தபின் உதிராது. ஒரு நாளைக்கு ஒரு பொருள்தான். நீங்கள் கரும்பலகையில் மாதிரி போட்டுக் காட்டக்கூடாது. போட்டீர்களானால் முப்பது தாளிலும் உங்கள் படம்தான் இருக்கும்.

மஞ்சள் தாளை மட்டும் ஜன்னல் பக்கம் ஒட்டாதீர்கள். வெயில் பட்டால் சில நாளிலேயே வெளுத்துவிடும், பிள்ளைகள் வந்து 'என் படம் எங்க டீச்சர்?' என்று கேட்பார்கள்.