தொடர் ஆர்டர்கள்: எதைத் திருத்துவது, எப்போது உருவாக்குவது?

கேள்வி: எங்கள் பண்ணையில் வாரந்தோறும் காய்கறி வாங்குவோரின் தேவைகளை மேலாண்மை மென்பொருளில் தொடர் ஆர்டர்களாகப் பதிந்துவைத்தோம். பருவம் முழுவதற்குமான ஆர்டர்களை அது அன்றே உருவாக்கிவிட்டது. இப்போது விலையை மாற்றினாலும் பில்லில் பழைய விலையே வருகிறது. ஒருவர் ஒரு வாரத்துக்கு அளவைக் குறைக்கச் சொன்னால் பின்வரும் வாரங்களிலும் குறைந்துவிடுகிறது. பேசாமல் கையாலேயே பதிந்துவிடலாமா?

பதில்: அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. தொடர் ஆர்டர் என்பது வாடிக்கையாளரோடு செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமே. அதிலிருந்து உருவாகும், தேதியிட்ட ஒவ்வொரு ஆர்டரும் தனிப் பதிவு. செவ்வாய்தோறும் 10 கிலோ தக்காளி வாங்குபவர் ஒரு வாரம் மட்டும் 6 கிலோ போதும் என்றால், அந்தத் தேதியின் ஆர்டரைத் திறந்து திருத்துங்கள். மூல ஏற்பாட்டில் கைவைக்காதீர்கள். சேமிக்கும்போது ‘இது மட்டும்’, ‘இதுவும் இனி வருபவையும்’ என்று மென்பொருள் கேட்டால், அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிடுவதே நீங்கள் சொல்லும் சிக்கலுக்கு வழக்கமான காரணம். வெளியூர் செல்பவர்களுக்கு அளவைப் பூஜ்யமாக்குவதைவிட, தொடக்க, முடிவுத் தேதிகளுடன் இடைநிறுத்தம் செய்வது பாதுகாப்பானது; திரும்பி வந்ததும் அளவை மீண்டும் பதிய மறந்துவிடும் வாய்ப்பே அதில் இல்லை.

விலைச் சிக்கலுக்குக் காரணம், ஆர்டர் உருவாகும் நாளில் உள்ள விலை அதிலேயே பதிவாகிவிடுவது. ஆகவே ஆர்டர்களை ஓரிரு வாரங்களுக்கு மட்டும் முன்னதாக உருவாக்குவதே என் பரிந்துரை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஆர்டரில் உள்ள அளவை உடனே இருப்பிலிருந்து ஒதுக்கிவைக்கும் மென்பொருளில், மூன்று மாதம் கழித்து அனுப்ப வேண்டியதும் இன்றைய அறுவடையிலிருந்தே கழிக்கப்பட்டு, கூடையில் கிடக்கும் சரக்கு திரையில் ‘இல்லை’ என்று காட்டப்படலாம். விதைப்பைத் திட்டமிட வருங்காலத் தேவை தெரிய வேண்டுமானால், மூல ஏற்பாடுகளின் வாராந்தர அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் போதும். ஏற்கெனவே உருவானவற்றில், இன்னும் அனுப்பாமலும் பில் போடாமலும் இருப்பவற்றை மட்டும் நீக்கிவிட்டுப் புதிய விலையில் மீண்டும் உருவாக்குங்கள்.

விளைச்சல் குறைந்த வாரத்தில் கேட்ட அளவை அழிக்காமல் அனுப்பிய அளவைத் தனியே பதிந்து, அதன்படி பில் போடுங்கள். கேட்ட அளவு அழிந்துவிட்டால், உண்மையான தேவை எவ்வளவு என்பது அடுத்த பருவத்தில் தெரியாமல் போய்விடும்.

கேள்வி: ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை’, ‘மாதம் இருமுறை’ இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. முன்னது ஆண்டுக்குப் பொதுவாக 26 ஆர்டர்கள், பின்னது 24. அறுவடை குறிப்பிட்ட கிழமைகளில் நடந்தால் முன்னதையே தேர்ந்தெடுங்கள். மாதக் கணக்கில் வைப்பவர்கள் 29, 30, 31 ஆகிய தேதிகளைத் தவிர்ப்பது நல்லது. அந்தத் தேதி இல்லாத மாதத்தில் சில மென்பொருள்கள் ஆர்டரை மாதக் கடைசிக்கு மாற்றும், சில அந்த மாதத்தையே விட்டுவிடும்.