பழைய மாருதி 800: வருடத்தைப் பார்ப்பதா, வால்வைப் பார்ப்பதா?

கேள்வி: குடியாத்தத்தில் 1998 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. 2004 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மாற்றினால் மைலேஜ் தேறுமா?

பதில்: இரண்டிலும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். உங்களுடையது காற்றையும் பெட்ரோலையும் கலந்து விடும் கார்புரேட்டர், 2004 வண்டி கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ. நல்ல நிலையில் இருந்தால் முன்னது ஊருக்குள் 13, 14 கொடுக்கும், பின்னது அதைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகப் போகும். ஆக, 11 என்பது மாடலின் குறை அல்ல, ரிப்பேர்.

முதலில் கணக்கு சரியா என்று பாருங்கள். இந்த வண்டிக்கு 145/70 ஆர்12 டயர். அது கிடைக்காமல் ஆல்டோவின் 145/80 போட்டிருந்தால் சக்கரம் பெரிதாகி, 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 95தான் காட்டும். வண்டி நன்றாக ஓடியும் பெயர் கெடும்.

டயர் சரி என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். முனை வெளிர் காப்பி நிறத்தில் இருக்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைப்பது) குமிழை முழுக்க உள்ளே தள்ளிப் பாருங்கள். கார்புரேட்டர் வாயில் உள்ள சோக் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். கேபிள் துருவேறிப் பாதியில் நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். தகடு சரியாக இருந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வையும் ஃப்ளோட் மட்டத்தையும் பாருங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

நம் பக்கத்தில் இன்னொரு வியாதி உண்டு. வேலூர் வெயிலுக்கு இன்ஜின் சூடாகிறது என்று, இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுவார்கள். சூடு குறையும், உண்மைதான். ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே வராது. எம்பிஎஃப்ஐ வண்டியில் இது இன்னும் மோசம்: அந்தத் தண்ணீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார் 'இன்ஜின் இன்னும் குளிர்ச்சி' என்றே சொல்லும், கம்ப்யூட்டரும் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். சூடாவதற்கு மருந்து ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதும் ஃபேன் சுவிட்சைப் பார்ப்பதும்தான்.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதன் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், எந்த வண்டிக்கும் மைலேஜ் நூற்றுக்கு ஆறேழு குறையும். எம்பிஎஃப்ஐ ஆக்சிஜன் சென்சாரை வைத்துக் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் சீக்கிரம் கெடும், கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் செய்தபின் ஒரே பங்கில், ஒரே பம்பில், ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, வேலூர், ஆம்பூர் என்று போய்வந்து மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். 60, 65 வேகம் போதும்.

2004 வண்டியைக் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிடம் குளிர்ந்திருந்து சட்டென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.