வலி வர டிரிப்ஸ் போட்டும் வலி வராமல் போவது ஏன்?

"நிறைமாதத்தில் வலி வரவைக்க ஆக்சிடோசின் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினால் சிலருக்குச் சீக்கிரமே வலி பிடித்துவிடுகிறது, சிலருக்கு நாள் முழுக்க ஏற்றியும் ஒன்றும் நடப்பதில்லை. இதற்கு ஹார்மோன்களா காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர் ஒன்று அந்த இரண்டாவது ரகமாக இருப்பார், இல்லை அப்படி ஒருவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவராக இருப்பார். நானும் இரண்டாவது ரகம்தான்.

முதல் பிரசவம். 41 வாரம் முடிந்தும் வலி இல்லை. காலை ஆறரைக்கு டிரிப்ஸ் போட்டார்கள். அவ்வப்போது வந்து வேகத்தைக் கூட்டினார்கள். வயிறு இறுகும், விட்டுவிடும், அவ்வளவுதான். மாலையில் பார்த்தபோது கருப்பை வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்திருந்தது. எனக்குப் பிறகு வந்து படுத்தவர் அதே மருந்தில் மதியத்துக்குள் பெற்றுவிட்டார். எனக்கு இரவு சிசேரியன். தையல் காய்வதற்குள் பெரியம்மா வந்து, "மருந்து என்னம்மா பண்ணும், உடம்புல தெம்பு வேணும்ல" என்றார். அந்தச் சொல் குத்தியதால்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். நான் மருத்துவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆக்சிடோசின் எவ்வளவு ஏறினாலும், கருப்பைத் தசையில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தால்தான் தசை சுருங்கும். நான்காம் மாதத்தில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. 37 வாரம் தாண்டும்போது சுமார் 12 மடங்கு ஆகிவிடுகின்றன, வலி தொடங்கும் நேரத்தில் இன்னும் ஏறுகின்றன. முன்பு சட்டையே செய்யாத அளவு மருந்துக்குக் கருப்பை பின்னால் துள்ளுவது இதனால்தான்.

ஏற்பிகளைப் பெருக்குவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். தசைச் செல்களுக்கு நடுவே கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன இணைப்புகள் உண்டாவதற்கும் அது காரணம். அவை வந்த பிறகுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கும் தசை ஒரே அலையாகச் சுருங்கும். இத்தனை மாதமும் இதையெல்லாம் அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். ஆரம்ப வாரங்களில் சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியமும், அப்புறம் நஞ்சுக்கொடியும் அதைச் சுரக்கின்றன.

நான் அசந்துபோன இடம் ஒன்று உண்டு. செம்மறி ஆட்டுக்கும் எலிக்கும் பிரசவத்துக்கு முன்னால் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் மடமடவென்று இறங்கிவிடும். மனுஷிக்கு இறங்குவதில்லை! அளவு அப்படியே இருக்க, கருப்பைத் தசை மட்டும் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியில் ஏ, பி என்று இரண்டு வகை. கடைசியில் ஏ வகையின் கை ஓங்குவது இதற்கு ஒரு காரணம். ஆகவே 41 வாரம் என்று நாள்காட்டி சொல்லலாம், உள்ளே அந்த மாற்றம் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. என் கதை அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போது மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன என்று சண்டைக்கு வருவீர்கள். பல மணி நேரம் விடாமல் ஏற்றினால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சரியாக இறுகாமல் இரத்தப்போக்கு கூடுவதற்கும் அது ஒரு காரணமாகிறது. அதனால்தான் டிரிப்ஸுக்கு முன்னால் கருப்பை வாய் இளகியிருக்கிறதா என்று பிஷப் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் அதை இளக்க முதலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து ஜெல்லோ பலூனோ வைப்பார்கள். உங்கள் மதிப்பெண் எவ்வளவு என்று கேளுங்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

டிரிப்ஸே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். 41 வாரம் தாண்டி சும்மா காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. டிரிப்ஸால் பலன் அடைந்தவர்கள் ஏராளம், பக்கத்துக் கட்டிலே சாட்சி.

என் வருத்தம் வேறு. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் "தூண்டல் தோல்வி" என்று எழுதியிருந்தார்கள். யாருடைய தோல்வி? ஆக்சிடோசினை 1953இலேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள், செய்த வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசும் கிடைத்தது. இத்தனை வருடத்தில் இதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லையா? இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான்: அறுவைச் சம்மதக் காகிதத்தை என் கணவரிடம் நீட்டினார்கள். ஊசி இருந்தது என் இடது கையில். நான் எழுதுவது வலது கையால்.

இரண்டாவது குழந்தைக்கு 39ஆம் வாரம் தானாகவே வலி வந்தது, டிரிப்ஸ் தேவைப்படவில்லை. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவை நல்லாச் சாப்பிட்டிருக்க" என்றார்.