‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கிறிஸ்துமஸ் தாத்தா கடிதங்களில் ஒரே பக்கத்தில் கையெழுத்து மாறுவது ஏன்? நடுவே வரும் விநோதப் பெயர்களும் குறிகளும் என்ன?

கையெழுத்து மாறினால் எழுதும் ஆள் மாறிவிட்டார் என்று பொருள். நடுங்கி நெளிவது தாத்தாவின் எழுத்து; ஆயிரத்துத் தொள்ளாயிரம் வயதைத் தாண்டியவர், போதாததற்கு வட துருவக் குளிர். ஓரத்தில் தடித்தடியாக, வளைவே இல்லாமல் நிற்பது பனிக்கரடியின் எழுத்து. அதன் பாதம் பருமன், பேனா பிடிபடாது. பிற்காலக் கடிதங்களில் மெலிதாகச் சாய்ந்து ஓடுவது தாத்தாவின் செயலாளராக வந்த இல்பெரெத் என்ற எல்ஃபின் (கதைகளில் வரும் குட்டி மாயமனிதன்) எழுத்து. 1920 முதல் 1943 வரை டோல்கீன், கிறிஸ்துமஸ் தாத்தாவே எழுதுவதுபோல், தன் நான்கு பிள்ளைகளுக்கு அனுப்பியவை இவை. நடுக்கத்துக்கு இன்னொரு பயனும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு: அப்பாவின் எழுத்து என்று வீட்டில் யாரும் பிடித்துவிட முடியாது.

ஆகவே முதல் வாசிப்பில் தாத்தா எழுதியதை மட்டும் படியுங்கள். இரண்டாவதில் ஓரக் குறிப்பு எந்த வரிக்கு நேரே நிற்கிறது என்று பாருங்கள். தாத்தா சொன்ன குற்றச்சாட்டுக்குக் கரடி அங்கேதான் பதில் சொல்கிறது. அதன் பிறகே படம். 1925 கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் குல்லா காற்றில் பறந்து துருவக் கம்பத்தின் உச்சியில் மாட்டிக்கொள்கிறது. கரடி ஏற, கம்பம் நடுவில் முறிந்து வீட்டுக் கூரையைப் பொத்துவிடுகிறது. கரடியும் அந்த ஓட்டை வழியே உள்ளே விழுகிறது. பனி உருகி அடுப்பு அணைய, தாத்தா வீடே மாற்றுகிறார். இந்த வரிசை மனதில் இருந்தால், அந்தக் கடிதத்தோடு சேர்ந்த படங்களில் எது பழைய வீடு, எது புதியது என்ற குழப்பம் வராது.

கரடியின் எழுத்துப்பிழைகளை அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலம் அதன் தாய்மொழி இல்லை. அதன் பெயர் கார்ஹு, ஃபின்னிய மொழியில் ‘கரடி’. அதன் உடன்பிறந்தாரின் குட்டிகள் பாக்சு (‘குண்டன்’), வல்கோதுக்கா (‘வெள்ளைமுடி’). டோல்கீன் மாணவராக இருந்தபோதே ஃபின்னிய மொழியில் மயங்கியவர். 1929 கடிதத்தில் வரும் ‘ஆர்க்டிக்’ மொழி வாக்கியமோ அவரே உருவாக்கிய குவென்யா என்ற எல்ஃப் மொழி.

பலரும் சறுக்குவது கோப்ளின் (குகையில் வாழும் குட்டிப் பூதம்) குறிகளில். டோல்கீனின் மற்ற நூல்களில் உள்ள எழுத்து அட்டவணைகளை வைத்துப் படித்தால் ஒன்றும் பொருந்தாது. 1932 கடிதத்தின் கதைப்படி, கோப்ளின் குகைச் சுவர்க் குறிகளிலிருந்து கரடி தானே ஒட்டவைத்த எழுத்து அது. உள்ளே இருப்பது சாதாரண ஆங்கிலம்தான். பின்னால் வரும் ஒரு கடிதத்தில் கரடியே எழுத்து வரிசையைக் கொடுத்துவிடுகிறது. முதலில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள்.

பதிப்பிலும் கவனம் வேண்டும். 1976இன் முதல் பதிப்பில் எல்லாக் கடிதங்களும் இல்லை. 1999 பதிப்பு விரிவானது. தட்டச்சு வடிவம் மட்டும் உள்ள மின்நூலில் ஓரக் குறிப்பின் இடம் தொலைந்துபோகும். கையெழுத்துப் பக்கங்கள் படமாகவே அச்சான பிரதியை வாங்குங்கள்.